தாடை எலும்புக்குள் வெற்றுக்குழி: காத்திருப்பதா, ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதா, திறந்து பார்ப்பதா?

பல்லுக்குக் கிளிப் போடுவதற்காக எடுத்த ஓபிஜி படத்தில் (இரு தாடைகளையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்-ரே), வலியும் வீக்கமும் இல்லாத பதினைந்து வயதுப் பிள்ளையின் கீழ்த்தாடையில், கடைவாய்ப்பல் வேர்களுக்கு அடியில் ஒரு கரும்பகுதி. எளிய எலும்புக் கட்டி பெரும்பாலும் இப்படித்தான் கண்ணில் படுகிறது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்தால் ஒருவர் ‘ஆறு மாதம் கழித்து இன்னொரு படம் எடுப்போம்’ என்பார். இன்னொருவர் ‘ஊசியால் உறிஞ்சிப் பார்த்துவிடலாம்’ என்பார். மூன்றாமவர் ‘திறந்து பார்ப்பதுதான் சரி’ என்பார். மூன்றும் வெவ்வேறு நோயாளிகளுக்குப் பொருந்தக்கூடிய யோசனைகள். நான்காவதாக ‘இந்த இரண்டு பல்லுக்கும் ரூட் கெனால் செய்துவிடலாம்’ என்று ஒரு குரல் வந்தால் மட்டும், பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று சோதிக்கும்வரை அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

முதலில் குழியைப் பற்றி. எலும்புக்குள் ஒரு வெற்றிடம். உள்ளே ஒன்றுமே இருக்காது, அல்லது வைக்கோல் நிறத்திலோ இரத்தம் கலந்தோ கொஞ்சம் நீர் இருக்கும். மற்ற தாடை நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவற்றின் உட்சுவரில் எபிதீலியப் படலம், அதாவது தோல்போன்ற செல்களின் அடுக்கு, ஒன்று உண்டு. அந்தக் கட்டிகள் வளர்வதும், எடுத்த பிறகு திரும்ப வருவதும் அதனால்தான். இதில் அந்தப் படலமே கிடையாது. தாடையில் இது 1929இல் முதலில் விவரிக்கப்பட்டது. 1946இல் ரஷ்டன் என்பவர் வகுத்த அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன: ஒற்றைக் குழி, எபிதீலியப் படலம் இல்லை, தொற்றின் தடயம் இல்லை, உள்ளே நீர் இருக்கலாம் ஆனால் மென்திசு இல்லை, சுவர் முழுக்க எலும்பு. பழைய அறிக்கைகளில் அடிபட்ட எலும்புக் கட்டி, இரத்தக்கசிவுக் கட்டி, தனி எலும்புக் கட்டி என்றெல்லாம் எழுதியிருந்தால் எல்லாம் இதே நோய்தான்.

பத்திலிருந்து இருபது வயதுக்குள்தான் அதிகம் தென்படுகிறது. இடம் பெரும்பாலும் கீழ்த்தாடை; கோரைப்பல்லுக்கும் ஞானப்பல்லுக்கும் இடைப்பட்ட பகுதி, அடுத்தபடியாக முகவாய்ப் பகுதி. மேல்தாடையில் அரிது. தாடைக் கட்டிகள் மொத்தத்தில் சுமார் நூற்றில் ஒன்றுதான் இது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கரும்பகுதி ஒன்று தெரிந்தால் மற்ற தொண்ணூற்றொன்பதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதனால் வருகிறது?

அதிகம் சொல்லப்படும் விளக்கம் அடிபடுதல். தாடையில் விழுந்த அடி எலும்பை முறிக்காமல் உள்ளே இரத்தக்கசிவை மட்டும் உண்டாக்குகிறது. அந்த இரத்தக்கட்டு புது எலும்பாக மாறாமல் கரைந்து நீராகி, பிறகு அந்த நீரும் வடிந்து குழி மிஞ்சுகிறது என்பார்கள். கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில் தாடையில் அடிபடாத பிள்ளையே கிடையாது. சைக்கிளிலிருந்து விழுந்ததையோ பந்து பட்டதையோ தேடினால் யாருக்கும் ஒன்று கிடைத்துவிடும். தேடியும் எந்த அடியும் நினைவுக்கு வராத நோயாளிகள் ஏராளம். பற்களைத் தாங்கும் எலும்பு முறிந்தவர்களுக்கெல்லாம் இது வந்துவிடுவதும் இல்லை. ஆகவே ‘அடிபட்டதுண்டா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் கிடைத்தால் அதை நோயறிதலுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘இல்லை’ என்றால் இந்த நோய் இல்லை என்றும் ஆகிவிடாது.

மற்ற கருத்துகளும் உண்டு: எலும்பு மஜ்ஜையிலிருந்து சிரை வழியாக வடிய வேண்டிய நீர் அடைபட்டு அழுத்தம் கூடுவது, வளரும் எலும்பில் அந்த ஓரிடத்தில் மட்டும் எலும்பாக்கம் தவறுவது, இரத்த ஓட்டம் குறைந்து மஜ்ஜை மடிவது. கை, கால் எலும்புகளில் வரும் இதே பெயருள்ள கட்டிகளில் என்எஃப்ஏடிசி2 என்ற மரபணு இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருப்பது 2020ஐ ஒட்டி வெளிவந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அங்கே இது வெறும் இரத்தக்கசிவின் விளைவு அல்ல, செல்களிலேயே மாற்றம் இருக்கிறது என்ற பார்வை வலுப்பெற்றிருக்கிறது. அந்த முடிவைத் தாடைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. நடுத்தர வயதுப் பெண்களிடம் வேறொரு வழியும் காணப்படுகிறது: பல்வேர்களைச் சுற்றி எலும்பும் சிமென்டமும் (வேரை மூடியிருக்கும் கடினத் திசு) கலந்து உருவாகும் சிமென்ட்-எலும்புத் திரிபு நோயோடு சேர்ந்து இக்குழிகள் தோன்றுகின்றன. அவர்களுக்கு எடுக்க வேண்டிய முடிவே வேறு, பின்னால் வருகிறேன்.

பல்லின் உயிர்ச் சோதனை

எந்த ஸ்கேனுக்கும் முன்னால் இதுதான். செலவு ஒன்றுமில்லை, ஐந்து நிமிடம் போதும், ஆனால் பாதையை அதிகம் மாற்றுவது இதுவே. வேர் நுனியில் வரும் சாதாரண நீர்க்கட்டி செத்த பல்லிலிருந்து பிறக்கிறது. எளிய எலும்புக் கட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பற்களோ உயிரோடு இருக்கும்.

கரும்பகுதியைத் தொடும் ஒவ்வொரு பல்லையும், அதற்கு முன்னும் பின்னும் ஒரு பல்லையும் சோதிக்க வேண்டும். ஆனால் தொடங்க வேண்டியது எதிர்ப்பக்கத்தின் அதே பற்களில். அந்தப் பிள்ளைக்கு ‘இயல்பான கூச்சம்’ எப்படி என்பது அப்போதுதான் தெரியும். பல்லைப் பஞ்சால் நன்றாக உலர்த்தி, குளிர்த்தெளிப்பானைச் சின்னப் பஞ்சுருண்டையில் அடித்து, பல்லின் வெளிப்புறத்தில் ஈறுக்குச் சற்று மேலே வைக்க வேண்டும். சில நொடிகளில் கூச்சம் வந்து, பஞ்சை எடுத்ததும் அடங்கினால் பல் நலமாக இருக்கிறது. எடுத்த பின்னும் வலி நீடித்தால் பல்லுக்குள் நரம்பும் இரத்தநாளமும் உள்ள கூழில் அழற்சி. ஒன்றுமே தெரியவில்லை என்றால் உடனே செத்த பல் என்று எழுதிவிடக் கூடாது. பெரிய நிரப்புதலோ உறையோ இருந்தால் குளிர் உள்ளே போகாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லின் வேர்நுனி இன்னும் மூடியிருக்காது. அங்கே நரம்பிழைகள் முழுமையாக வளர்ந்திராததால் மின்சார சோதனைக் கருவி பொய் சொல்லும், குளிர்தான் நம்பகமானது. ஏற்கெனவே கிளிப் ஒட்டியிருந்தாலும் மின்சாரம் உலோகத்தில் தப்பி ஓடிவிடும். பல வேருள்ள கடைவாய்ப்பல்லில் ஒரு வேர் செத்து மற்றது உயிரோடு இருந்து ஏமாற்றுவதும் உண்டு. அதனால் சொத்தை, உடைசல், ஈறில் சீழ்த்துளை ஆகியவற்றையும் கூடவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேரே ரூட் கெனாலுக்குப் போனால் என்ன நடக்கும்? பல்லைத் துளைத்ததும் கூழிலிருந்து சிவப்பாக இரத்தம் வரும், பிள்ளைக்கு வலிக்கும். அதுவே உயிருள்ள பல் என்பதற்குச் சாட்சி. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். தொடர்ந்து முடித்துவிட்டால் ஒரு வருடம் கழித்து எடுக்கும் படத்திலும் கரும்பகுதி அப்படியே இருக்கும். ‘சிகிச்சை தோற்றுவிட்டது’ என்று பல்லையே பிடுங்கும் நிலைக்கும் போகலாம். குழிக்கும் பல்லுக்கும் தொடக்கத்திலிருந்தே சம்பந்தமில்லை.

படங்களில் எது போதும்?

ஓபிஜியில் இந்தக் குழிக்கு ஒரு கையெழுத்து உண்டு: மேல் விளிம்பு நேராகப் போகாமல், பல்வேர்களுக்கு இடையே விரல்களை நுழைத்ததுபோல ஏறி இறங்கும். வேரைச் சுற்றிய மெல்லிய வெள்ளைக் கோடு, அதாவது லாமினா டியூரா, பெரும்பாலும் அழியாமல் இருக்கும். வேர்கள் கரைவதும் பற்கள் நகர்வதும் அபூர்வம். குழி மேலும் கீழுமாக உப்பாமல் முன்பின்னாக நீண்டிருக்கும். விளிம்பு ஓரிடத்தில் கூர்மையாகவும் இன்னோரிடத்தில் மங்கியும் தெரியும்.

ஓபிஜியின் பலவீனங்கள் இரண்டு. தாடை சுமார் 20 முதல் 30 விழுக்காடு பெரிதாகத் தெரியும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. ஆகவே இரண்டு மையங்களில் எடுத்த படங்களில் மில்லிமீட்டர் கணக்குப் பார்த்து ‘வளர்ந்துவிட்டது’ என்பது சரியாகாது. முகவாய்ப் பகுதியில் கழுத்தெலும்பின் நிழல் விழுவதால் அங்குள்ள குழி மறைந்துபோகலாம். சந்தேகமிருந்தால் வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படம் எடுக்க வேண்டும். லாமினா டியூராவைத் தெளிவாகப் பார்க்கவும் அந்தச் சின்னப் படமே சிறந்தது.

அடுத்தது சிபிசிடியா (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்-ரே ஸ்கேன்), எம்ஆர்ஐயா? பலரும் யோசிக்காமல் சிபிசிடிக்கு எழுதிக் கொடுப்பார்கள். எலும்பைப் பற்றிய கேள்வி என்றால் அது சரிதான்: கன்னப்பக்க எலும்புத் தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது, தாடையின் கீழ்விளிம்பில் எவ்வளவு எலும்பு மிச்சம், கீழ்த்தாடை நரம்புக் கால்வாய் குழிக்குள் ஓடுகிறதா ஒதுங்கியிருக்கிறதா. திறக்க முடிவு செய்துவிட்டால் இந்த மூன்றும் தெரியாமல் கத்தியை எடுக்கக் கூடாது. ஆனால் உள்ளே இருப்பது நீரா, திசுவா என்ற கேள்விக்குச் சிபிசிடி பதில் தராது. அதில் தெரியும் சாம்பல் அளவுகளை மருத்துவமனை சிடியின் எண்களைப்போல நம்ப முடியாது. நீரா திசுவா என்பதைச் சொல்வது எம்ஆர்ஐ: டி2 என்ற வகைப் படத்தில் நீர் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும், மருந்து செலுத்திய பிறகு எளிய குழியில் ஓரம் மட்டும் மெலிதாக ஒளிரும், கட்டித் திசுவாக இருந்தால் உள்ளேயும் ஒளிரும். நீர் மட்டங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் இரத்தம் நிரம்பி உப்பும் வேறு வகை எலும்புக் கட்டியை நினைக்க வேண்டும். கதிர்வீச்சும் இல்லை. செலவு அதிகம், வாயில் உலோகக் கிளிப் இருந்தால் படம் கலங்கிவிடும். கிளிப் ஒட்டுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பது பலருக்குத் தாமதமாகத்தான் உறைக்கிறது.

கதிர்வீச்சு பற்றி வீண்பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஓபிஜி ஒன்றுக்குச் சுமார் 10 முதல் 25 மைக்ரோசீவெர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு). இயற்கையில் நாம் வாங்கிக்கொள்வது உலகச் சராசரியில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6 முதல் 7. சிபிசிடியில் பார்வைப் பரப்பைப் பொறுத்து இது சில பத்துகளிலிருந்து சில நூறுவரை போகும். ஆகவே பிள்ளைகளுக்கு முழுமுக ஸ்கேன் கேட்காமல், அந்தப் பக்கத் தாடையை மட்டும் அடக்கும் சிறு பரப்பைக் கேட்டு வாங்குங்கள். காத்திருக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு ஆறு மாதமும் சிபிசிடி எடுப்பதில் அர்த்தமில்லை, ஓபிஜி போதும்.

எவற்றோடு குழம்பும்?

செத்த பல்லின் நீர்க்கட்டியை உயிர்ச் சோதனை ஒதுக்கிவிடும். நடுங்க வைப்பது கெரட்டோசிஸ்ட், அதாவது உட்சுவர்ப் படலம் கெரட்டின் உதிர்த்து உள்ளே நிரப்பும் தாடைக் கட்டி. அதுவும் தாடையை அதிகம் உப்பவிடாமல் முன்பின்னாக நீளும், வேர்களுக்கிடையே வளைந்தேறவும் செய்யும், அதைத் தொடும் பற்களும் உயிரோடு இருக்கலாம். எடுத்தாலும் திரும்ப வரும் குணமுள்ளது. காத்திருப்பு முறையின் முழு ஆபத்தும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. பல இடங்களில் கட்டிகள் இருந்தால், இவற்றைப் பலவாக உண்டாக்கும் மரபுவழி நோயான கார்லின் நோய்க்குறியையும் நினைக்க வேண்டும். பல்லை உருவாக்கும் திசுவிலிருந்து வளரும் கட்டியான ஒற்றை அறை அமெலோபிளாஸ்டோமாவும் இளவயதிலேயே வரும். வேர்நுனிகள் கத்தியால் சீவியதுபோலக் கரைந்திருப்பதும் தாடை உப்புவதும் அதன் பக்கம் சாய்க்கும். மைய ராட்சதசெல் புண் முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால், சில சமயம் நடுக்கோட்டைத் தாண்டி வரும். அதை நினைத்தால் இரத்தத்தில் கால்சியம், ஆல்கலைன் பாஸ்படேஸ், பாராதைராய்டு ஹார்மோன் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாராதைராய்டு மிகைச் சுரப்பும் இதே படத்தைக் காட்டும்.

கீழ்த்தாடை நரம்புக் கால்வாய்க்குக் கீழே, தாடைக் கோணத்துக்கு அருகில், நடுவயது ஆணிடம் வட்டமாக ஒரு கருப்பு தெரிந்தால் அது ஸ்டாஃப்னே குழிவாக இருக்கலாம். உமிழ்நீர்ச் சுரப்பி அழுத்திய பள்ளம், அதற்குச் சிகிச்சையே வேண்டாம். கீழ் வெட்டுப்பற்களின் வேர்நுனியில் உயிருள்ள பற்களோடு கருப்பு, வயது நாற்பதுக்கு மேல், பெண் என்றால் சிமென்ட்-எலும்புத் திரிபின் தொடக்க நிலை.

முதல் வழி: காத்திருந்து பார்ப்பது

காத்திருப்பதற்கு ஆதரவான வாதம் எளியது. இக்குழிகள் தாமாகவே எலும்பு நிரம்பி ஆறியதாகப் பதிவுகள் உண்டு. முப்பது வயதுக்கு மேல் அவ்வளவாகக் காணப்படாததையும் அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். இரண்டாவது வாதத்தை நான் பாதிதான் நம்புவேன். ஓபிஜி அதிகம் எடுப்பதே கிளிப் போடும் வயதில்தானே; அந்த வயதில் அதிகம் கண்டுபிடிக்கப்படுவதில் வியப்பில்லை.

காத்திருக்கலாம் என்று சொல்ல இத்தனையும் சேர வேண்டும்: இளவயது, வலி-வீக்கம்-உதடு மரப்பு எதுவுமில்லை, தொடும் பற்கள் அனைத்தும் உயிருள்ளவை, விரல் நுழைத்த விளிம்பும் அழியாத லாமினா டியூராவும் தெளிவாக இருக்கின்றன, தகடு உப்பவில்லை, கீழ்விளிம்பு வலுவாக இருக்கிறது, குடும்பம் தவறாமல் திரும்பி வரும். கடைசி நிபந்தனையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். விடுதியில் படிக்கும் பிள்ளை, ஊர் மாறும் வேலையுள்ள தந்தை என்றால் காத்திருப்பு ‘மறந்துபோவது’ என்று ஆகிவிடும். எம்ஆர்ஐயில் உள்ளே நீர்தான் என்று உறுதியாகியிருந்தால் காத்திருப்பின் மேல் நம்பிக்கை பல மடங்கு கூடும்.

படம் ஆறாம் மாதத்தில், பிறகு பன்னிரண்டாம் மாதத்தில், அதன்பின் ஆண்டுக்கொரு முறை; முடிந்தவரை அதே கருவியில். தாளில் அச்சிட்டதை மட்டும் வாங்காமல் டிஜிட்டல் கோப்பையும் வாங்கி வையுங்கள், ஒப்பிட அதுதான் உதவும். குழி பெரிதாவது, தாடை உப்புவது, வேர் கரைவது, பல் ஆடுவது, கீழுதடு மரப்பது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருப்பு முடிந்தது. இடையில் கபடி, கால்பந்து, குத்துச்சண்டை போன்ற மோதல் விளையாட்டு வேண்டாம். முறிவு அபூர்வம்தான், ஆனால் கீழ்விளிம்பு மெலிந்த தாடை முறிந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

இரண்டாம் வழி: ஊசியால் உறிஞ்சுவது

அந்த இடத்தை மரக்க வைக்கும் மருந்து கொடுத்த பின் 18 கேஜ் ஊசியும் 5 அல்லது 10 மில்லி சிரிஞ்சும் போதும். தகடு மெலிந்த இடத்தில் ஊசி சற்று அழுத்தத்தோடு நுழைந்துவிடும். மெலியாத தகட்டில் நுழையாது. அப்போது சின்னத் துளை போட வேண்டும், அதற்கு ஈறைத் திறக்க வேண்டும். அங்கேயே மூன்றாம் வழிக்குப் பாதி தூரம் போய்விட்டோம்.

வருவதைப் படிக்கத் தெரிய வேண்டும். காற்றுக் குமிழியோ, வைக்கோல் நிற நீரோ, கொஞ்சம் இரத்தம் கலந்த நீரோ வந்தால் எளிய குழிக்குப் பொருந்தும். மஞ்சள் கலந்த வெள்ளையாக, தயிர்த்திப்பிபோல வந்தால் கெரட்டோசிஸ்ட்; அந்த நீரில் கரைந்த புரதம் 100 மில்லிக்கு 4 கிராமுக்குக் குறைவாக இருப்பதும் அதையே காட்டும். ஒன்றுமே வரவில்லை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. வெற்றுக்குழியில் ஊசிமுனை தடையின்றி அசையும், பிஸ்டனும் காற்றோடு இலகுவாகப் பின்வாங்கும். திசு நிறைந்த கட்டியில் முனை அசையாது, பிஸ்டன் இழுத்த இடத்திலிருந்து விட்டதும் திரும்பிப் போகும்.

பிஸ்டனைத் தானே தள்ளிக்கொண்டு பளிச்சென்ற சிவப்பு இரத்தம் வந்தால் அன்றைய வேலை அத்தோடு நின்றது. உயர் அழுத்த இரத்தநாளக் கோளாறாக இருக்கலாம். அதைத் திறப்பதும் அங்கே பல் பிடுங்குவதும் உயிருக்கே ஆபத்து. அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்தி, நாளங்களுக்கான சிடி ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். ஈறோரம் காரணமின்றி இரத்தம் கசிவது, பல்லை அழுத்தினால் உள்ளே போய் மீள்வது, தாடைமேல் கைவைத்தால் துடிப்பு, ஈறில் நீலநிறம் ஆகியவை ஊசிக்கு முன்பே எச்சரிக்கும்.

ஊசிமுறையைத் தனி வழியாக எடுத்தால் அரைகுறைதான். திசு கிடைக்காது, நோய் உறுதியாகாது, பெரும்பாலும் ஆறவும் ஆறாது. திறப்பதற்கு முந்தைய படியாக எடுத்தால் தவிர்க்கக் கூடாதது. அறுவைக்கூடத்தில், திறக்கப் போகும் அதே நாளில், கத்திக்கு முன்னால் ஊசி என்பதுதான் அதற்குரிய இடம்.

மூன்றாம் வழி: திறந்து பார்ப்பது

நோயறிதலும் சிகிச்சையும் ஒரே அமர்வில் முடிவது இதில் மட்டும். திறந்ததும் குழி வெறுமையாக இருப்பதைக் கண்ணால் காண்பதே மிக உறுதியான சான்று. சுவரைச் சுரண்டி இரத்தம் ஊற வைத்தால் அந்த இரத்தக்கட்டிலிருந்து புது எலும்பு வளரும்.

ஒத்துழைக்கும் பதின்ம வயதினருக்கு இடமயக்கம் போதும்: அட்ரினலின் கலந்த 2 விழுக்காடு லிக்னோகெய்ன். பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற கட்டுப்பாட்டை வைத்தால் 40 கிலோ எடைக்கு 176 மில்லிகிராம், அதாவது 8.8 மில்லி உச்சம். நரம்புத் தடைக்குத் தேவைப்படுவது 2 மில்லியைச் சுற்றித்தான். பெரிய குழி, பயந்த பிள்ளை என்றால் முழு மயக்கம்.

ஈறோரமாகக் கீறி ஈறை மடலாகத் தூக்க வேண்டும். செங்குத்துக் கீறல் முன்கடைவாய்ப்பற்களின் வேர்நுனிப் பகுதியில் விழக் கூடாது, முகவாய் நரம்பு வெளிவரும் இடம் அது. உருண்டை பர்ரால் (சுழலும் துளைமுனை), உப்புநீர் தெளித்துக்கொண்டே, வட்டமாகச் சின்னத் துளைகள் போட்டு இணைத்து, வேர்நுனிகளுக்குக் கீழே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சன்னல் திறக்கலாம். உள்ளே வெள்ளை எலும்புச் சுவர் தெரியும். சில சமயம் வேர்நுனிகள் குழிக்குள் நீட்டிக்கொண்டும், நரம்புக்கட்டு தரையில் வெறுமனே கிடந்தும் தெரியும். இந்த இரண்டையும் சுரண்டியால் தொடவே கூடாது. நல்ல பல்லைச் சாகடிப்பதும் உதட்டை மரக்கச் செய்வதும் குழியால் அல்ல, பெரும்பாலும் இந்த நேரத்துக் கைவேகத்தால்தான். மீதிச் சுவரைச் சுரண்டினால் போதும்.

கிடைக்கும் திசு மிகக் கொஞ்சம். சில சமயம் ஒரு நகக்கண் அளவுகூட வராது. அதைச் சின்னக் காகிதத்தில் பரப்பி, சன்னலாக எடுத்த எலும்புத்துண்டையும் சேர்த்து, 10 விழுக்காடு ஃபார்மலினில் அனுப்ப வேண்டும். கூடப் போகும் படிவத்தில் ‘குழி வெறுமையாக இருந்தது, பற்கள் உயிருள்ளவை’ என்ற வரி இல்லையென்றால் நோய்க்குறியியல் மருத்துவருக்குக் கைகட்டிப்போட்ட மாதிரி. நுண்ணோக்கியில் அவர் காண்பது மெல்லிய நார்த்திசு, ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப்புரதம்), பழைய இரத்தத்தின் இரும்புக்கறை, ஆங்காங்கே ராட்சதசெல்கள். இவை மட்டும் எந்த நோயையும் குறிக்காது. ‘எபிதீலியம் இல்லை’ என்ற அவரது சொல்லும், திறந்தவர் கண்டதும் சேர்ந்தால்தான் நோயின் பெயர்.

எலும்புத்தூள் வைத்து நிரப்புவது பொதுவாகத் தேவையில்லை, இரத்தமே போதும். துணித்திரி அடைத்துத் திறந்தே விடுவதும் வேண்டாம், தொற்றுக்கு வழி. மடலை இறுக்கமாக தானே கரையும் 3-0 விக்ரில் தையல்நூலால் மூடிவிடலாம். நான்கு முதல் ஆறு வாரம் கடினமான பண்டங்கள் வேண்டாம். முறுக்கு, கரும்பு, எலும்புக்கறி எல்லாம் பிறகு. படம் மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில். மூன்றாம் மாதத்தில் ஓரங்களில் மங்கலாக எலும்பு தெரியத் தொடங்கும். பெரும்பாலானவை ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் நிரம்பும், பெரியவை இன்னும் தாமதிக்கும்.

‘ஒருமுறை திறந்தால் திரும்ப வராது’ என்று பாடநூல்களில் நெடுநாள் எழுதிவந்தார்கள். 2007இல் வெளிவந்த, 132 பேரின் விளைவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத் திரும்ப வந்திருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட குழிகள் உள்ளவர்களிடமும் சிமென்ட்-எலும்புத் திரிபு உள்ளவர்களிடமும் அது மிக அதிகம். ஆகவே ஒரு வருடப் படம் நன்றாக இருந்தாலும் மூன்று வருடமாவது பார்க்க வேண்டும்.

எதைத் தேர்வது?

படம் முழுக்கப் பாடநூல் மாதிரி, குழி சின்னது, பற்கள் உயிரோடு என்றால் பதின்ம வயதில் காத்திருப்பதில் தவறில்லை. எம்ஆர்ஐ எடுக்க வசதியிருந்தால் எடுத்துவிட்டுக் காத்திருப்பது இன்னும் நிம்மதி. ஒரு அடையாளமாவது இடறினால், குறிப்பாகக் குழி தாடைக் கோணத்தைத் தாண்டி மேலேறினாலோ, தகடு உப்பினாலோ, முளைக்காத பல்லைச் சூழ்ந்திருந்தாலோ, திறப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. நோயின் பெயர் தெரியாமல் ஆறு மாதம் காத்திருப்பது கெரட்டோசிஸ்டுக்கு ஆறு மாதம் கொடுப்பதற்குச் சமம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் நோயாளிகளில் என் சாய்வு திறப்பதன் பக்கம்தான். சின்ன அறுவை, கவனமாகச் செய்தால் இழப்பு குறைவு, பதில் உறுதி.

சிமென்ட்-எலும்புத் திரிபு உள்ள நடுவயதுப் பெண்களிடம் இந்தத் தராசு தலைகீழ். அங்கே எலும்பின் இரத்த ஓட்டம் குறைவு. கீறினாலும் பல் பிடுங்கினாலும் தொற்று புகுந்து எலும்பழற்சி ஆகலாம். குழி ஆறுவதும் மெதுவாக, திரும்ப வருவதும் அதிகம். தொந்தரவு இல்லையென்றால் படத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கிளிப் போடக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: எப்போது தொடங்கலாம்? குழியைத் தொடும் பற்களை நகர்த்த, அங்கே எலும்பு நிரம்பியது படத்தில் தெரிய வேண்டும்; திறந்து பார்த்தவர்களுக்கு அது பெரும்பாலும் ஆறாம் மாதப் படத்துக்குப் பிறகு. மேல்தாடைக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எம்ஆர்ஐ இன்னும் பாக்கி என்றால் அதை முடித்துவிட்டே உலோகத்தை ஒட்டச் சொல்லுங்கள். குழி ஆறாமலோ திரும்பியோ இருந்தால் மறுபடி திறப்பதா என்ற கேள்வி வரும். முதல் முறை திசு அறிக்கை தெளிவாக இருந்து, குழி வளராமலும் இருந்தால் அவசரமில்லை. அறிக்கையே இல்லாமலோ ‘போதிய திசு இல்லை’ என்று வந்தோ இருந்தால் இரண்டாம் முறை திறந்து திசு எடுத்தே ஆக வேண்டும்.